தீண்டாமை திருச்சபையின் உள்விவகாரம் அல்ல

என் ஆயா இறந்தது ஒரு கார்த்திகை மாத மழைநாளில். வாழ்நாள் முழுக்க ஞாயிறு பூசையைத் தவறவிடாதவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஜெபமாலையின் எல்லா மறையுண்மைகளையும் மனப்பாடமாகச் சொல்வார். அவரது உடலை எடுத்துச் செல்லக் காலனிக்கென்று தனியாக ஒரு தூம்பா வண்டி இருந்தது. ஊர்க்காரர்களின் தூம்பா கோயிலுக்குப் பின்னால் தனி அறையில் பூட்டிக் கிடந்தது. எங்கள் தெருவிலிருந்து கல்லறைக்கு ஊர்த் தெரு வழியாகப் போனால் பத்து நிமிடம். நாங்கள் ஏரிக்கரை வழியாகத்தான் போக வேண்டும். அன்று ஏரிக்கரையில் முழங்கால் அளவு சேறு.

என் மாமா பங்குத்தந்தையிடம் போய் நின்றார். "சாமி, இந்த ஒரு தடவ ஊர்த் தெரு வழியா போயிக்கிறோம். கரையில கால் வைக்க முடியல."

"எனக்கு இதுல உடன்பாடே இல்லப்பா. ஆனா நான் சரின்னு சொன்னா நாளைக்கு ஊர் ரெண்டாயிடும். இது சட்டம் ஒழுங்குப் பிரச்சனை. தாசில்தாரப் பாருங்க."

தாசில்தாருக்கு நான் போன் செய்தேன். அவர் கோபப்படவில்லை, பொறுமையாகவே பேசினார். "தம்பி, இது சர்ச் விஷயம். உங்க பிஷப் கிட்ட பேசுங்க. நாங்க உள்ள வந்தா மதத்துல தலையிடுறோம்னு உங்க ஆளுங்களே சொல்வாங்க."

ஆயாவைச் சேற்றில்தான் கொண்டு போனோம். கல்லறைக்குள் ஒரு சுவர் உண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். இந்தப் பக்கத்து மண்ணில் புதைத்துவிட்டு வந்தோம். பிறகு மனு கொடுத்தோம். கோட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை நடந்தது. "இரு தரப்பும் பழைய வழக்கப்படியே நடந்துகொள்வது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். பழைய வழக்கத்தை எதிர்த்துத்தான் மனுவே கொடுத்திருந்தோம்!

திருச்சபையின் அதிகாரத்துக்கும் அரசின் அதிகாரத்துக்கும் இடையிலான மோதல் என்று ஐரோப்பிய வரலாற்றில் பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். 1077-இல் நான்காம் ஹென்றி கனோசாவில் பனியில் நின்று போப்பிடம் மன்னிப்புக் கேட்டான். 1905-இல் பிரான்ஸ் சட்டம் போட்டு அரசையும் திருச்சபையையும் பிரித்தது. அங்கே இருவரும் ஒரே அதிகாரத்துக்காகச் சண்டை போட்டார்கள். எங்கள் ஊரில் சண்டையே கிடையாது. 'நீங்கள்தான் அதிகாரம் உள்ளவர்' என்று ஒருவரை ஒருவர் மரியாதையாகக் கைகாட்டிக்கொள்கிறார்கள். அந்த மரியாதையின் நடுவில் எங்கள் பிணம் கிடக்கிறது.

திருச்சபைக்குள் அரசு தலையிடத் தயங்குகிறது என்பது உண்மையா? பார்ப்போம்.

அரசு உதவிபெறும் பள்ளிகளில் பணியாற்றும் அருட்சகோதரிகள், குருக்களின் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கலாமா என்று நீண்ட காலம் வழக்கு நடந்தது. திருச்சபைச் சட்டப்படி ஏழ்மை வாக்குறுதி எடுத்தவருக்கு 'குடிமைச் சாவு' நேர்ந்துவிட்டது, சம்பளம் அவருடையதே அல்ல, சபைக்குச் சொந்தம் என்பது திருச்சபையின் வாதம். 2019-இல் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு அதை ஏற்கவில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீடுகளைத் தள்ளியது. சம்பளம் வாங்கினால் வரி கட்டு, அவ்வளவுதான். திருச்சபைச் சட்டம் நாட்டுச் சட்டத்துக்கு மேலே இல்லை.

திருமண விஷயத்திலும் அப்படியே. திருச்சபைத் தீர்ப்பாயம் ஒரு திருமணத்தைச் செல்லாது என்று அறிவித்தாலும் அது நாட்டுச் சட்டத்தின் முன் மணமுறிவு ஆகாது என்று 1996-இல் மோலி ஜோசப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கேரளத்துக்குப் போங்கள். மலங்கரை சபையின் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயா பிரிவுகளுக்கு இடையிலான வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றம் ஆர்த்தடாக்ஸ் பிரிவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதன் பிறகு பல ஊர்களில் யாக்கோபாயா குடும்பங்கள் தங்கள் முன்னோர் புதைந்த கல்லறையில் பிணத்தைப் புதைக்க முடியாமல் தவித்தன. கேரள அரசு என்ன செய்தது? பிஷப்பைப் பாருங்கள் என்று சொன்னதா? 2020-இல் அடக்கம் செய்யும் உரிமைக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. குடும்பக் கல்லறை எந்தப் பிரிவின் கையில் இருந்தாலும் அங்கே அடக்கம் செய்யும் உரிமையை உறுதிசெய்தது.

ஆக, வரி என்றால் அரசு உள்ளே வரும். மணமுறிவு என்றால் வரும். இரு பிரிவுகளின் சொத்துச் சண்டை என்றால் சட்டமே இயற்றும். தலித்தின் பிணம் என்றால் மட்டும் மதச் சுதந்திரம் நினைவுக்கு வந்துவிடுகிறது. மதத்தின் மீது அரசுக்கு இருக்கும் மரியாதை என்று இதை நம்பச் சொல்கிறீர்களா? ஊரில் யாருக்கு ஓட்டு அதிகம், யாரிடம் நிலம் இருக்கிறது என்பதன் மீதுள்ள மரியாதை இது.

திருச்சபையின் பக்கம் வருவோம். "எங்களால் என்ன செய்ய முடியும், மக்கள் கேட்க வேண்டுமே" என்பதுதான் ஆயர் இல்லங்களில் வழக்கமாகக் கிடைக்கும் பதில். இது வரலாறு தெரியாதவர்களிடம் சொல்ல வேண்டிய பதில்.

1745-இல் புதுச்சேரிக் கோயிலுக்குள் பறையர் கிறித்தவர்களையும் சாதிக் கிறித்தவர்களையும் பிரிக்கும் சுவர் இருந்தது. பறையர்கள் திரண்டு போய் முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் இதை எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு அதில் மகிழ்ச்சி இல்லை என்பது வேறு விஷயம். ஏறத்தாழ 280 ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு முறையீட்டில், ஒரு குருவால் ஒரு சுவரை இடிக்க முடிந்திருக்கிறது.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் வெள்ளாளர்களும் நாடார்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பூசை காண்பதற்காகவே இரண்டு கிளைகளாகப் பிரியும் கோயிலைக் கட்டினார்கள். பீடம் ஒன்று, கூடம் இரண்டு. 1910-இல் தந்தை கவுசானெல் அந்தத் தடுப்பை அகற்றினார். சாதிப் பெருமை பேசியவர்கள் நீதிமன்றம் போனார்கள். தனியாக அமர்வது எங்கள் வழக்கம், எங்கள் உரிமை என்றார்கள். 1916-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆயர் பார்த்தேவுக்கு எதிரான அந்த வழக்கை ஏற்கவில்லை. கிறித்தவக் கோயிலுக்குள் சாதிக்கென்று தனி இடம் கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பதே அதன் சாரம். அந்த வழக்கில் தலித்துகள் தரப்பாக இல்லை. ஆனால் தீர்ப்பின் பலன் நமக்கும் சேர்த்துத்தான். கோயிலுக்குள் யார் எங்கே அமர்வது என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஆயருக்கு உண்டு, சாதிக்கு இல்லை என்று நூறாண்டுகளுக்கு முன்பே நாட்டின் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு எந்த முகத்தோடு அதிகாரம் இல்லை என்கிறீர்கள்?

ஒரு குருவை ஒரே கடிதத்தில் இடம் மாற்றும் அதிகாரம் ஆயருக்கு இருக்கிறது. பள்ளி, கல்லூரி, மருத்துவமனைகளை நிர்வகிக்கும் அதிகாரம் இருக்கிறது. திருவிழாத் தேர் யார் தெருவுக்குப் போகவில்லையோ அந்தத் தேரை மந்திரிக்க மாட்டேன் என்று சொல்ல மட்டும் அதிகாரம் இல்லையா?

2003-இல் தமிழக ஆயர்களைச் சந்தித்தபோது போப் இரண்டாம் ஜான் பால் சாதி வேறுபாட்டை வெளிப்படையாகக் கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணத்தை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று தானே ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட பிறகு எங்கள் ஏரிக்கரையில் ஒரு கூடை மண்கூட விழவில்லை.

இனி இருவரின் இரட்டை நாக்கைப் பாருங்கள்.

1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, மூன்றாம் பத்தியில், இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது. 1956-இல் சீக்கியர்களுக்கும் 1990-இல் பௌத்தர்களுக்கும் விலக்கு தரப்பட்டது. கிறித்தவ, இஸ்லாமிய தலித்துகளுக்கு இன்றுவரை இல்லை. சென்னை அண்ணா சாலை ஓரத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை, தன்னைப் போன்ற தொழிலாளிகளுக்கு அரசு தந்த இலவசப் பெட்டிக்கடை தனக்கு ஏன் இல்லை என்று கேட்டு உச்ச நீதிமன்றம் போனார். மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதையும் நிரூபிக்க வேண்டும் என்று 1985-இல் தீர்ப்பு வந்தது. 2022 நவம்பரில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் கிறித்தவ சமூகத்தில் அந்த ஒடுக்குமுறை இருந்ததில்லை என்கிற தொனியிலேயே பேசியது.

டெல்லியில் அரசு சொல்வது: உங்கள் மதத்தில் தீண்டாமை இல்லை, ஆகவே பட்டியலில் இடம் இல்லை. ஊரில் அரசு சொல்வது: உங்கள் மதத்தில் இருக்கும் தீண்டாமை உங்கள் மத விவகாரம், ஆகவே நாங்கள் வர முடியாது. இல்லாத ஒன்றில் எப்படித் தலையிடாமல் இருக்கிறீர்கள் ஐயா?

திருச்சபை இதே வாக்கியங்களை இடம் மாற்றிச் சொல்கிறது. டெல்லியில் கறுப்புக் கொடி பிடித்து, எங்கள் தலித் மக்கள் தீண்டாமையால் வதைபடுகிறார்கள், பட்டியலில் சேருங்கள் என்கிறது. ஊரில் மனு கொடுத்தால், நம்மிடையே சாதி ஏது, எல்லாரும் ஆண்டவரின் பிள்ளைகள் என்கிறது. வதைப்பது யார் என்று கேட்டால் விரல் எப்போதும் டெல்லியை நோக்கியே நீளும்.

இதன் விளைவு வெறும் சலுகை இழப்பு அல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மட்டுமே பாதுகாப்புத் தரும். மதம் மாறிய ஒரு போதகர் அந்தச் சட்டத்தின்கீழ் தொடுத்த வழக்கு செல்லாது என்று 2025-இல் ஆந்திர உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடித்தவனுக்கு நாம் பறையன், பள்ளன், சக்கிலியன். காவல் நிலையத்தில் மட்டும் நாம் கிறித்தவன்.

ஆனால் கையில் சட்டமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அரசமைப்பின் 17-ஆவது உறுப்பு தீண்டாமையை எந்த வடிவிலும் ஒழிக்கிறது. அதில் இந்து என்ற சொல் இல்லை. 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 'எந்த ஒரு நபரையும்' என்றே பேசுகிறது. ஒரே மதத்தைச் சேர்ந்த மற்றவர்களுக்குத் திறந்திருக்கும் வழிபாட்டிடத்தில் ஒருவரைத் தீண்டாமையின் பேரில் தடுத்தால் அது குற்றம். பாதை, இடுகாடு, மத ஊர்வலம் ஆகிய மூன்றையும் அதன் நான்காம் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இந்தச் சட்டத்தின்கீழ் வரும் குற்றத்தை விசாரிக்க வேண்டுமென்றே தவறும் அரசு ஊழியர் குற்றத்துக்கு உடந்தையானவர் என்கிறது பத்தாம் பிரிவு. என்னோடு பொறுமையாகப் பேசிய தாசில்தாருக்கு இது தெரிந்திருக்காது. தெரியவைக்க வேண்டியது நம் வேலை.

இந்தச் சட்டத்திலும் ஓர் ஓட்டை உண்டு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி என்றால், குற்றம் தீண்டாமையின் பேரில்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். நமக்கு அந்த அனுமானம் இல்லை, நாமே நிரூபிக்க வேண்டும். இரண்டு தூம்பாவும் ஒரு சுவரும் நிரூபணம் இல்லையென்றால் வேறு எதுதான் நிரூபணம்?

"அப்படியானால் மத நிறுவனங்களின் தன்னாட்சியை விட்டுக்கொடுக்கச் சொல்கிறாயா?" என்று நியாயமான நண்பர்களே கேட்கிறார்கள். இன்றைய ஒன்றிய ஆட்சியில் இந்தக் கேள்வியை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பல மாநிலங்களில் மதமாற்றத் தடைச் சட்டங்கள் போதகர்களைச் சிறைக்கு அனுப்புகின்றன. தமிழ்நாட்டிலும் 2002-இல் அப்படியொரு சட்டம் வந்து, 2004-இல் நீக்கப்பட்டது. ஒருவர் எதை நம்ப வேண்டும், யார் குருவாக வேண்டும், பூசையை எப்படி நடத்த வேண்டும் என்பதில் அரசு மூக்கை நுழைக்கக் கூடாது. அதற்காக நானும் தெருவில் நிற்பேன்.

ஆனால் கல்லறைச் சுவர் எந்த விசுவாசப் பிரமாணத்தில் வருகிறது? ஊர்த் தெருவில் பிணம் போகக் கூடாது என்பது எந்த நற்செய்தியில் இருக்கிறது? மதச் சுதந்திரம் பேசும் 26-ஆவது உறுப்பே பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டுத்தான் எழுதப்பட்டிருக்கிறது. அங்கே ஒழுக்கம் என்பது சாதியின் ஒழுக்கமா, அரசமைப்பின் ஒழுக்கமா?

இந்தக் கேள்வி 1962-லேயே வந்தது. ஊர்விலக்கத்தைத் தடைசெய்த பம்பாய்ச் சட்டத்தை, தாவூதி போரா சமூகத்தின் தலைவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விலக்கி வைக்கும் அதிகாரம் மத உரிமை என்றது பெரும்பான்மை. தலைமை நீதிபதி சின்ஹா மட்டும் மாறுபட்டார். விலக்கி வைக்கப்பட்டவரைத் தீண்டத்தகாதவரின் நிலைக்கு ஒப்பிட்டு, மனித மாண்பின் பக்கம் நின்றார். அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய 2023-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கேரளத்தின் க்னானாயா கத்தோலிக்கர்கள் இரத்தத் தூய்மையின் பேரில், சமூகத்துக்கு வெளியே மணம் செய்தவர்களை விலக்குகிறார்கள். அதற்கு எதிராக 2021-இல் கோட்டயம் நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. அகமணத்தை மதம் என்று அழைத்தால் அது மதமாகிவிடாது. சாதியின் உயிர்நாடி அகமணம் என்று அம்பேத்கர் 1916-லேயே எழுதிவிட்டார்.

"சங்கிகளுக்குத் தீனி போடாதே" என்பது இன்னொரு அறிவுரை. நம் ஆயர்களும் நம் முற்போக்குத் தோழர்கள் சிலரும் இதில் ஒரே குரல். சங்கிகளுக்குத் தீனி போட்டது சுவர் கட்டியவனா, சுவரைச் சுட்டிக்காட்டியவனா? மதம் மாறியும் சாதி போகவில்லையே என்று அவர்கள் சிரிப்பதற்குக் காரணம் என் கட்டுரை அல்ல. உங்கள் தேர் வராத எங்கள் தெரு. அவர்களிடம் நமக்கு எந்த எதிர்பார்ப்பும் இல்லை. கிறித்தவ தலித்துக்குப் பட்டியல் உரிமை கூடாது என்று மூர்க்கமாக நிற்பவர்களே அவர்கள்தான்.

2008-இல் எறையூரில் என்ன நடந்தது என்று இளைய தோழர்களில் பலருக்குத் தெரியாது. தனிப் பங்கு கேட்ட தலித் கிறித்தவர்களின் வீடுகளை வன்னியக் கிறித்தவர்கள் தாக்கினார்கள். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் தாக்கிய தரப்பில் இருவர் செத்தார்கள். அரசு கடைசியில் உள்ளே வந்துவிட்டது, துப்பாக்கியோடு. அதற்கு முன்பு ஒரு சாதாரண வழக்குப் பதிவோடு வந்திருந்தால் அந்த இருவரும் உயிரோடு இருந்திருப்பார்கள். தலையிடாமை அமைதியைக் காக்கிறது என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

நாம் கேட்பது புதிதல்ல. 2023 ஏப்ரலில் கிறித்தவ தலித்துகளுக்குப் பட்டியல் தகுதி வேண்டும் என்று சட்டமன்றத்தில் தீர்மானம் போட்ட தமிழ்நாடு அரசு, டெல்லிக்குக் கடிதம் எழுதியதோடு நிற்காமல் தன் கையில் இருப்பதைச் செய்யட்டும். கல்லறைகளில் சாதிச் சுவர், சாதிப் பாதை, சாதித் தூம்பா ஆகியவற்றைக் குற்றமாக்கித் தனிச் சட்டம் கொண்டு வரட்டும். எல்லா மதத்து இடுகாடுகளுக்கும் அது பொருந்தட்டும். 1955 சட்டத்தின்கீழ் வழக்குப் பதிய மறுக்கும் அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கட்டும். ஒன்றிய அரசு அந்த மூன்றாம் பத்தியை நீக்கட்டும். 2007-லேயே ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அதைப் பரிந்துரைத்துவிட்டது. ஆயர்கள் ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் எத்தனை சுவர், எத்தனை தனிக் கல்லறை என்று கணக்கெடுத்து வெளியிடட்டும். அரசு உதவியில் நடக்கும் தங்கள் நிறுவனங்களில் எத்தனை தலித்துகள் வேலையில் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து வெளியிடட்டும்.

சீசருக்குரியதைச் சீசருக்கும் கடவுளுக்குரியதைக் கடவுளுக்கும் கொடுங்கள் என்று அடிக்கடி பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஊர்த் தெரு பஞ்சாயத்துச் சாலை. அது சீசருக்குரியது, அரசு திறந்துவிடட்டும். கோயிலும் கல்லறையும் கடவுளுக்குரியவை, ஆயர் திறந்துவிடட்டும். இரண்டுமே சாதிக்குரியவை அல்ல.

வருகிற நவம்பர் 2, கல்லறைத் திருநாள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் இந்த முறை மெழுகுவத்தியோடு ஊர்த் தெரு வழியாகவே கல்லறைக்குப் போவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். எழுத்து மூலமாகப் பங்குத்தந்தைக்கும் வட்டாட்சியருக்கும் ஒரே நாளில் தெரிவித்துவிட்டோம், 1955 சட்டத்தின் நகலோடு. இருவரில் யார் எங்களைத் தடுப்பது என்று அவர்களே பேசி முடிவு செய்துகொள்ளட்டும். என் ஆயாவுக்கு நான் அந்தத் தெரு வழியாகத்தான் பூ கொண்டு போகப் போகிறேன்.